ஒரு துளியில் எத்தனை பேர்?

சிதம்பரம் நாவரசு வழக்கில் மூன்று இடங்களில் கிடந்த உடற்பாகங்களை ஒரே ஆளுடையவை என்று சொன்னது டி.என்.ஏ. இன்றைய வழக்குகளில் கேள்வி தலைகீழாகிவிட்டது. ஒரே கறையில் பலர் கலந்திருந்தால், அதில் யார் யார்?

1996 நவம்பர் 7. சென்னை மந்தைவெளியில் நின்ற 21ஜி பஸ்ஸில் ஓர் ஆணின் உடல் கிடந்தது. தலை இல்லை, கைகால்கள் இல்லை. அதே நாட்களில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு படித்த நாவரசு காணாமல் போயிருந்தார். தீபாவளிக்கு வீட்டுக்கு வர வேண்டிய பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன். நவம்பர் 14 அன்று சீனியர் மாணவர் ஜான் டேவிட் மன்னார்குடி நீதிமன்றத்தில் சரணடைந்தார். அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்து நீர்நிலையிலிருந்து தலை எடுக்கப்பட்டது. மரக்காணம் பக்கத்துக் கடலோரத்தில் கைகால்கள் கிடைத்தன.

சென்னை, சிதம்பரம், மரக்காணம் என்று மூன்று இடம், மூன்று போலீஸ் எல்லை. இவையெல்லாம் ஒரே ஆளின் உடல்தானா? அந்த ஆள் நாவரசுதானா? மண்டை ஓட்டின் படத்தையும் நாவரசின் புகைப்படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்திப் பார்த்தது தமிழ்நாடு தடய அறிவியல் துறை. திசுக்கள் ஹைதராபாத் ஆய்வகத்துக்குப் போயின. தலை, உடல், கைகால் மூன்றிலிருந்தும் எடுத்த டி.என்.ஏ., பெற்றோரின் ரத்தத்தோடு ஒப்பிடப்பட்டது. பிள்ளையின் மரபணுவில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். மூன்று பாகங்களிலும் அந்தக் கணக்கு சரியாக வந்தது.

வழக்கு கடலூர் அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. 1998 மார்ச் 11 அன்று இரட்டை ஆயுள் தண்டனை. 2001 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை மறுபடி உறுதி செய்தது. தீர்ப்புகள் முரண்பட்டது, சந்தர்ப்ப சாட்சியங்களின் சங்கிலி குற்றவாளிவரை அறுபடாமல் போகிறதா என்பதில். தமிழ்நாட்டின் ராகிங் தடைச் சட்டம் இந்த வழக்கில் பிறந்தது என்பது ஊரறிந்த செய்தி. அதோடு இன்னொன்றும் நடந்தது. 'டி.என்.ஏ. சொல்லிவிட்டால் சொன்னதுதான்' என்ற நம்பிக்கை தமிழ்நாட்டுப் பொதுப்புத்தியில் ஆழமாக வேரூன்றியது.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமலில்லை. அதே அண்ணாமலை நகரில் 1971-ல் மாணவர்கள் மேல் நடந்த தடியடிக்குப் பிறகு குளத்தில் ஓர் உடல் மிதந்தது. மாணவர் உதயகுமார் என்றார்கள். அவருடைய தந்தையே 'இது என் மகன் இல்லை' என்று சொன்னதும், அதைச் சுற்றி எழுந்த அரசியலும் இன்றுவரை பேசப்படுகின்றன. இறந்தது யார் என்று முடிவு செய்ய விசாரணைக் கமிஷன் தேவைப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து அதே வளாகத்தில் அதே கேள்வி எழுந்தபோது பெற்றோரின் சில மில்லி ரத்தம் போதுமாக இருந்தது. நம்பாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் நாவரசு வழக்கின் டி.என்.ஏ. கேள்வி, இந்தத் துறையிலேயே சுலபமான வகையைச் சேர்ந்தது. திசு நிறைய இருந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஆள். ஒப்பிடப் பெற்றோர் இருவரும் இருந்தார்கள். இன்று ஆய்வகங்களுக்கு வருவதில் பெரும்பகுதி வேறு மாதிரி. அரிவாள் பிடி, மோட்டார் சைக்கிள் ஹேண்டில், கழுத்தை நெரித்த கயிறு, பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் உடலிலிருந்து எடுத்த பஞ்சு. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும் கத்தி ஒரே நாளில் எத்தனை கை மாறும் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பிடியில் இருப்பது கொலைகாரனின் டி.என்.ஏ. மட்டுமா?

முகடுகளைப் படிப்பது

தடய ஆய்வகம் ஒரு மனிதனின் டி.என்.ஏ. முழுவதையும் படிப்பதில்லை. குறிப்பிட்ட இருபது, இருபத்தைந்து இடங்களை மட்டும் பார்க்கிறது. அமெரிக்காவின் தேசியத் தரவுத்தளம் 13 இடங்களோடு தொடங்கி 2017-ல் 20 ஆக்கியது. அந்த இடங்களில் நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பதுதான் எண். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என ஓரிடத்தில் ஒருவருக்கு இரண்டு எண்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் ஓர் எண்தான் தெரியும். இயந்திரம் இதை வரைபடமாகத் தரும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு முகடு. டி.என்.ஏ. அதிகம் இருந்தால் முகடு உயரம், குறைவாக இருந்தால் குட்டை.

ஓரிடத்தில் 12, 14, 17, 19 என்று நான்கு முகடுகள் எழுகின்றன என்று வையுங்கள். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. எனவே குறைந்தது இரண்டு பேர். 12, 17 இரண்டும் 1,400 அளவு உயரம். 14, 19 இரண்டும் 400. அப்படியானால் அதிகம் விட்டுப்போனவர் 12-17, கொஞ்சம் விட்டுப்போனவர் 14-19 என்று பிரித்துவிடலாம். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிய ஒலிப்பதிவில், உரத்த குரலை மட்டும் தனியே எடுத்துவிடுவது போன்ற வேலை இது. இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல், நான்கு முகடுகளும் ஒரே உயரத்தில் நிற்கும்போது வருகிறது. 12 யாரோடு சேர்கிறது? 14-உடனா, 17-உடனா, 19-உடனா? ஓரிடத்துக்கு இத்தனை சேர்க்கைகள் என்றால் இருபது இடங்களுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மிகக் குறைந்த டி.என்.ஏ.வை இயந்திரம் முப்பது சுற்றுவரை நகலெடுத்துப் பெருக்கும். நகலெடுக்கும்போது அது திக்கும். 17 தடவை வர வேண்டியது சில நகல்களில் 16 தடவையாகிவிடும். அதனால் 17-ன் உயரமான முகட்டுக்கு இடப்பக்கம் 16-ல் ஒரு குட்டி முகடு எழும். ஆய்வகத்தார் இதை 'ஸ்டட்டர்' என்பார்கள். 1,400 உயர முகட்டின் பக்கத்தில் 110 உயரத்தில் நிற்கும் அந்தக் குட்டி, இயந்திரத்தின் திக்கலா, அரிவாளைக் கடைசியாக லேசாகத் தொட்ட மூன்றாவது ஆளா? முகட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் இருக்கிறது. ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ. சுமார் 6 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் பிகோகிராம். பத்துப் பதினைந்து செல் மட்டுமே கிடைத்தால், இருக்க வேண்டிய முகடு எழாமலே போகும். இங்கேதான் எனக்குக் கவலை. சந்தேக நபரின் எண் வரைபடத்தில் இல்லையென்றால் 'விழுந்துபோயிருக்கும்' என்று சொல்லலாம். அவருடையதல்லாத எண் இருந்தால் 'அது கூட இருந்தவருடையது' என்று சொல்லலாம். இப்படிப் படித்தால் எந்தச் சந்தேக நபரைத்தான் பொருத்த முடியாது?

நிபுணர்களே பிரிந்து நின்றபோது

இது வெறும் பயமில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2013-ல் 108 ஆய்வகங்களுக்கு ஒரே கலப்பு மாதிரியின் விவரங்களை அனுப்பியது. வங்கிக் கொள்ளையன் விட்டுப்போன முகமூடி என்பது கற்பனைக் கதை. ஒப்பிடச் சில சந்தேக நபர்களின் விவரங்களும் தரப்பட்டன. அவர்களில் ஒருவருடைய டி.என்.ஏ. அந்தக் கலவையில் அறவே கிடையாது. ஆனாலும் 74 ஆய்வகங்கள் அவரையும் மாட்டிவிட்டன. இந்த முடிவுகள் முழுமையாக வெளிவர 2018 ஆனது. ஐந்து வருடம் ஏன் ஆனது என்று விமர்சகர்கள் அப்போதே கேட்டார்கள்.

அதற்கு முன்பே, 2011-ல், இடியல் டுரோர், கிரெக் ஹம்பிகியன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த ஓர் உண்மைக் கூட்டு வன்புணர்வு வழக்கின் வரைபடத்தை 17 நிபுணர்களிடம் கொடுத்தார்கள். வழக்கின் கதையைச் சொல்லவில்லை. அசல் வழக்கில் அரசு ஆய்வகம் 'இவரை விலக்க முடியாது' என்று சொல்லியிருந்தது. இந்த 17 பேரில் அதையே சொன்னவர் ஒருவர். 12 பேர் 'இவர் இல்லை' என்றார்கள். 4 பேர் 'சொல்ல முடியாது' என்றார்கள். வரைபடம் ஒன்றுதான். கதை தெரிந்தவர் கண்ணுக்கும் தெரியாதவர் கண்ணுக்கும் வேறு வேறாகத் தெரிந்திருக்கிறது.

இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்கத்தான் மென்பொருள் வந்தது. அமெரிக்காவின் ட்ரூஅலீல், நியூசிலாந்து-ஆஸ்திரேலியக் கூட்டில் வந்த எஸ்.டி.ஆர்.மிக்ஸ், ஐரோப்பாவின் யூரோஃபார்மிக்ஸ் மூன்றும் பெயர் பெற்றவை. இவை 'பொருந்துகிறது, பொருந்தவில்லை' என்று சொல்வதில்லை. இரண்டு கதைகளை எடைபோடுகின்றன. சந்தேக நபரும் முகம் தெரியாத இருவரும் சேர்ந்து இந்தக் கறையை விட்டிருந்தால் இப்படியொரு வரைபடம் வர எவ்வளவு வாய்ப்பு? முகம் தெரியாத மூன்று பேர் விட்டிருந்தால் எவ்வளவு? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது விகிதம். 'பத்து லட்சம் மடங்கு' என்று அறிக்கையில் நிற்பது இந்த எண்.

மனிதக் கண்ணை விட இது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திக்கலையும் விழுந்துபோன முகடுகளையும் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறது. ஆனால் 'இரண்டு பேரா மூன்று பேரா' என்பதைப் பெரும்பாலும் மனிதர்தான் உள்ளே கொடுக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்து பாட்ஸ்டாம் நகரில் நடந்த ஒரு சிறுவன் கொலை வழக்கில் ஒரு மென்பொருள் 'முடிவு சொல்ல முடியாது' என்றது. இன்னொன்று சந்தேக நபருக்கு எதிராகப் பெரிய எண்ணைத் தந்தது. 2016-ல் நீதிபதி அந்த எண்ணை ஏற்க மறுத்தார், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். நியூஜெர்சியில் 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மென்பொருளின் மூலக் குறியீட்டை எதிர்த்தரப்பு பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தது.

மாமன் மகனும் அத்தை மகனும்

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. 'முகம் தெரியாத மூன்று பேர்' என்று மென்பொருள் சொல்லும்போது, ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களைத்தான் அது மனதில் வைக்கிறது. தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்தில் நடப்பவை என்கிறது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வந்த தெருவில், ஒரே எண்கள் பலரிடம் இருக்கும். மூன்று பங்காளிகள் ஒரு கட்டையைப் பிடித்திருந்தால், வரைபடத்தில் இரண்டு பேருக்குரிய முகடுகள்தான் எழலாம். பிரித்துப் பார்த்தால், சம்பவத்தன்று ஊரிலேயே இல்லாத நான்காவது பங்காளியின் எண்கள்கூடப் பொருந்தி நிற்கலாம்.

இதைச் சரிக்கட்டக் கணக்கியலில் வழி உண்டு. உறவின் அளவை ஒரு திருத்தமாகச் சேர்க்கலாம். 'தெரியாத மூவர்' என்பதற்குப் பதில் 'அவருடைய தம்பியும் தெரியாத இருவரும்' என்று எதிர்க்கதையை மாற்றிப் போடச் சொல்லலாம். அப்படிப் போட்டால் பத்து லட்சம் சடசடவென இறங்கிச் சில நூறுக்குக்கூட வரலாம். ஆனால் யாராவது கேட்டால்தானே போடுவார்கள்? விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்து அடிதடி வழக்கில் எதிரிகள் பட்டியலைப் பாருங்கள். அண்ணன், தம்பி, சித்தப்பா மகன், மைத்துனன் என்றுதான் இருக்கும். அந்த வழக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. 'பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் இப்படிப் பொருந்தும்' என்று அறிக்கை சொன்னால், 'அப்படியானால் இவர் குற்றமற்றவராக இருக்கப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான்' என்று கேட்பவர் காதில் விழுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் சுமார் 26 லட்சம் பேர். பத்தாயிரத்துக்கு ஒருவர் என்றால் இந்த மாவட்டத்திலேயே 260 பேர் பொருந்துவார்கள். மற்ற சாட்சியங்கள் அந்த 260-ல் இவரைத் தனியாகக் காட்டுகின்றனவா என்பது வேறு கேள்வி.

தமிழ்நாட்டில் எல்லோரும் கேள்விப்பட்ட கலப்பு மாதிரி, புதுக்கோட்டை வேங்கைவயலில் எடுத்தது. 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. தொட்டி நீரை ஆராய்ந்ததில் ஒரு பெண், இரண்டு ஆண்களுடைய டி.என்.ஏ. தெரிவதாகச் செய்திகள் வந்தன. நீதிமன்ற அனுமதியோடு 31 பேரிடம் மாதிரி எடுத்தார்கள். எவருடையதும் பொருந்தவில்லை. பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்களையே மாதிரி கொடுக்கக் கூப்பிட்டது பெரும் கொதிப்பை உண்டாக்கியது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தபோது, அரசு முன்னிறுத்தியது செல்போன் பதிவுகளைத்தான். ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. பல்லாயிரம் லிட்டர் நீரில் கரைந்த, நுண்ணுயிர்கள் தின்றுகொண்டிருக்கிற மாதிரியிலிருந்து ஆளைப் பிடித்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பே அதிகம் என்பது என் எண்ணம். 'டி.என்.ஏ. வரட்டும்' என்று சொல்லியே வழக்கு மாதக்கணக்கில் காத்திருந்தது.

பஞ்சிலிருந்து ஆய்வகம் வரை

பிரிக்கும் கலை எவ்வளவு வளர்ந்தாலும், கலக்கக் கூடாதது வழியில் கலந்துவிட்டால் என்ன செய்வது? கறையைத் துடைத்த பஞ்சை நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, அரக்கு வைத்து முத்திரையிட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் கடலூர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். அப்புறம் குளிர்பெட்டி. 2011 கடைசியில் 'தானே' புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தின் பல பகுதிகளில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை.

கையுறை மாற்றாமல் இரண்டு பொருளைத் தொட்டாலே போதும். ஒருவர் தொட்ட பொருளிலிருந்து அவருடைய டி.என்.ஏ.வை எடுக்கலாம் என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொட்டவர் கையிலிருந்து அது இன்னொரு பொருளுக்குப் போகும் என்பதும் அதே ஆய்வில் வந்தது. கலிஃபோர்னியாவில் 2012-ல் நடந்த கொலையில், இறந்தவரின் நகத்தில் கிடைத்த டி.என்.ஏ.வுக்குச் சொந்தக்காரர் அன்றிரவு போதையில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர். மாதக்கணக்கில் சிறையில் இருந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தான் பிறகு கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். ஜெர்மனியில் போலீஸ் வருடக்கணக்கில் தேடிய 'மர்மக் கொலைகாரி', பஞ்சுக்குச்சி தயாரிக்கும் இடத்தில் வேலை செய்த ஒரு பெண் என்று 2009-ல் தெரிந்தது. அந்தக் குச்சிகளைத்தான் போலீசாரே தடயம் எடுக்கப் பயன்படுத்தியிருந்தார்கள்.

நம்மூர் உதாரணம் தேனி மாவட்டம் சுருளி அருவி வழக்கு. 2011-ல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டார்கள். கைதானவருக்கு மரண தண்டனை. உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எடுத்த மாதிரிகள் ஆய்வகம் போய்ச் சேரும் வரை யார் கையில், எங்கே, எப்படி இருந்தன என்பதற்கு நம்பத்தகுந்த பதிவு இல்லை. அந்தத் தீர்ப்பிலேயே நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. மாதிரி எடுக்கும்போதே வழக்கு எண், அதிகாரி, மருத்துவர், சாட்சி விவரங்களோடு ஆவணம் எழுத வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், தாமதமானால் காரணம் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்ற அனுமதி இல்லாமல் உறையைத் திறக்கக் கூடாது. கைமாறிய ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வருவதைக் கட்டாயமாக்குகிறது. மாநிலங்கள் படிப்படியாக அதற்குத் தயாராக ஐந்தாண்டு அவகாசம் உண்டு. மாதிரிகள் பெருகும், கலப்பு மாதிரிகளும் பெருகும். ஆய்வகங்களின் தரத்தை நெறிப்படுத்த நாடாளுமன்றத்தில் 2019-ல் வைத்த டி.என்.ஏ. மசோதாவை 2023-ல் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது.

நாவரசு வழக்கு நடந்த அதே கடலூர் நீதிமன்றத்தில் இனி ஒரு கலப்பு அறிக்கை வந்தால் என்ன நடக்கும்? சட்டம் ஒரு சலுகை தருகிறது. அரசு ஆய்வக இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர் நிலையில் உள்ளவர்கள் தரும் அறிக்கையை, அவர்களைக் கூண்டில் ஏற்றாமலே சாட்சியமாக ஏற்கலாம். பழைய சட்டத்தில் 293-வது பிரிவு, புதியதில் 329. நீதிமன்றம் விரும்பினால் கூப்பிடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வங்கிக் கையெழுத்துக்கோ சாராய மாதிரிக்கோ இந்தச் சலுகை பரவாயில்லை. மூன்று பேர் கலந்த கறைக்கு எப்படிப் போதும்? டெல்லி சாவ்லா வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் மூன்று மரண தண்டனைக் கைதிகளை விடுவித்தபோது, டி.என்.ஏ. முடிவின் அடிப்படை என்ன, முறை ஒழுங்காகக் கையாளப்பட்டதா என்று கீழ் நீதிமன்றங்கள் பார்க்கவே இல்லை என்று குறிப்பிட்டது.

எனவே எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வேலையாக ஒரு மனு போட வேண்டும். நிபுணரை வரவழைக்க வேண்டும். 'பொருந்துகிறது' என்ற ஒற்றை வரியோடு நிற்காமல், முகடுகளின் உயரத்தோடு முழு வரைபடத்தையும் கேட்க வேண்டும். எத்தனை பேர் என்று முடிவு செய்தது யார், சந்தேக நபரின் விவரத்தைப் பார்ப்பதற்கு முன்பா பின்பா? எதிர்க்கதையில் உறவினர்களைச் சேர்த்துப் பார்த்தார்களா? எந்த மக்கள்தொகையின் எண்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள்? பாதிக்கப்பட்டவர் தரப்புக்கும் இதே கேள்விகள் வேண்டும். அரைகுறை அறிக்கையை நம்பி வாங்கிய தண்டனை, கொலை நடந்து பதினான்கு வருடம் கழித்து டெல்லியில் உடைந்ததை சுருளி வழக்கில் பார்த்துவிட்டோம். கொல்லப்பட்ட அந்த இரண்டு பேரின் வழக்கில் இன்றைக்குக் குற்றவாளி என்று யாரும் இல்லை.